நெல்லையா, பாளையா? இரட்டை நகரத்துக்குக் குடிவருகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலை மாற்றல், பிள்ளைகளின் படிப்பு, கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் புது வேலை என ஏதோ ஒரு காரணத்தால் திருநெல்வேலிக்குக் குடிவருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கைபேசி வரைபடத்தில் பார்த்தால் ஒரே ஊராகத்தான் தெரியும். மாநகராட்சியும் ஒன்றுதான். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994-ல் உண்டாக்கியது அது. இப்போது 4 மண்டலம், 55 வார்டு. 2011 கணக்கெடுப்பில் 4,73,637 பேர். ஆனால் ஊர்க்காரர்கள் நடந்துகொள்வதைப் பார்த்தால் இது ஒரு ஊர் இல்லை. தாமிரபரணிக்கு மேற்கே நெல்லை, கிழக்கே பாளை, அதாவது பாளையங்கோட்டை. பல குடும்பங்கள் வாரத்துக்கு ஒரு தடவைகூட ஆற்றைத் தாண்டாமல் காலம் தள்ளுகின்றன. புதிதாக வருகிறவர்களோ வாடகை குறைவு என்று ஒரு கரையில் வீடு பிடித்து, வேலையும் பள்ளிக்கூடமும் மறுகரையில் என்று மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் முதலில் கரையை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

1. மூன்று பெயர்களை மனப்பாடம் செய்யுங்கள்

டவுன், ஜங்ஷன், பாளை. ஆட்டோவில் ஏறி "திருநெல்வேலி போகணும்" என்று சொன்னால் "டவுனா, ஜங்ஷனா?" என்றுதான் பதில் வரும். டவுன் என்பது நெல்லையப்பர் கோவிலும் அதைச் சுற்றிய நான்கு ரத வீதிகளும்; பழைய ஊர். ஜங்ஷன் என்பது ரயில் நிலையமும் அதை ஒட்டிய கடைவீதியும். இரண்டுக்கும் நடுவே ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்கு மேம்பாலம் வரும். ஜங்ஷனிலிருந்து கிழக்கே போனால் ஆறு. 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலமும், போக்குவரத்து தாங்காமல் பக்கத்திலேயே பின்னால் கட்டிய புதுப் பாலமும் அங்கேதான். பாலம் இறங்கினால் கொக்கிரகுளம், கலெக்டர் ஆபீஸ். அங்கிருந்து பாளை தொடங்கிவிடுகிறது.

வடக்கே வண்ணார்பேட்டை. இதுவும் பாளைக் கரைதான் என்றாலும், பெரிய துணிக்கடைகளும் தங்கும் விடுதிகளும் ஆஸ்பத்திரிகளும் வந்தபிறகு தனி ஊர் மாதிரி ஆகிவிட்டது. தெற்கே மேலப்பாளையம். புதிய பேருந்து நிலையம் வேய்ந்தான்குளத்தில், அதுவும் கிழக்குக் கரையில். ரயிலில் வருகிறவர் மேற்கிலும் பேருந்தில் வருகிறவர் கிழக்கிலும் இறங்குகிற ஊர் இது. இரண்டும் பக்கத்தில் இருக்கும் என்று நம்பி அரை மணி நேர இடைவெளியில் வண்டி மாற டிக்கெட் எடுக்காதீர்கள்.

2. வந்து சேருவது

சென்னையிலிருந்து இரவு கிளம்பிக் காலையில் வந்து சேர நெல்லை எக்ஸ்பிரஸ் இருக்கிறது. டிக்கெட் திறந்த கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத்தும் ஓடுகிறது. நெல்லையில் காலையில் கிளம்பி, சென்னையிலிருந்து பிற்பகலில் திரும்புகிறது. ஏறக்குறைய 8 மணி நேரம். முன்பதிவு செய்யும்போது நிலையத்தின் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலி சந்திப்பு, திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை என்று மூன்று நிலையங்கள் உண்டு. டவுன் நிலையம் தென்காசிப் பாதையில், பாளை நிலையம் திருச்செந்தூர்ப் பாதையில். சென்னை, மதுரையிலிருந்து வருகிறவருக்கு வேண்டியது சந்திப்பு.

விமானம் என்றால் தூத்துக்குடி சாலையில் வாகைக்குளம். பெயர் தூத்துக்குடி விமான நிலையம் என்றாலும் பாளையிலிருந்து 30 கிலோமீட்டர் அளவில்தான். தனியார் பேருந்துகள் வண்ணார்பேட்டையிலும் புதிய பேருந்து நிலையப் பக்கமும் இறக்கிவிடும். நாகர்கோவில் போகிற வண்டியில் வருகிறீர்கள் என்றால், ஊருக்குள் வருமா, புறவழிச் சாலையோடு போய்விடுமா என்று ஏறும்போதே நடத்துனரிடம் கேட்டுவிடுங்கள்.

3. எந்தக் கரை?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளி, கல்லூரியில் பிள்ளைகள் இருந்தால் பாளை. கடை வைக்க, வியாபாரம் பார்க்க வந்தால் டவுன். இரண்டும் இல்லாமல் அடிக்கடி வெளியூர் போகிற வேலை என்றால் வண்ணார்பேட்டையோ கே.டி.சி. நகரோ.

பாளையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனாலும் காரணம் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் கல்லூரி 1878-லிருந்து இருக்கிறது. செயின்ட் சேவியர்ஸ் 1923-ல் வந்தது. பெண்களுக்கு சாராள் டக்கர். ரஹ்மத் நகரில் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே பள்ளிக்கூடங்கள் தொடங்கிவிட்டார்கள். அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், ஹைகிரவுண்டில் 1965-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் அதன் பெரிய ஆஸ்பத்திரியும் பாளையில்தான். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அந்த ஆஸ்பத்திரிக்குப் பாலம் தாண்டாமல் போக முடிகிறது என்பதே பெரிய விஷயம்.

இத்தனை பள்ளிக்கூடங்களும் சேர்ந்து ஒரு தொந்தரவையும் தருகின்றன. காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும், சாயங்காலம் நான்கு மணி வாக்கிலும் முருகன்குறிச்சியிலிருந்து தெற்கு பஜார் வரைக்கும் வண்டி நகராது. வீடு பார்க்கப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்துவிட்டு 'அமைதியான ஏரியா' என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக்கூட நாளில் காலை ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் ஒரு தடவை நின்று பாருங்கள்.

குடியிருப்பு என்றால் பாளையில் பெருமாள்புரம், மகாராஜ நகர், தியாகராஜ நகர், என்.ஜி.ஓ. காலனி ஆகியவை அரசு ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் நிறைந்த பகுதிகள். அமைதி உண்டு, வாடகையும் அதற்கேற்றபடி. கே.டி.சி. நகர் கிழக்கே தூத்துக்குடி சாலையை ஒட்டியது, நான்குவழிச் சாலை பக்கம். சொந்த வண்டி இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் தூரம்.

மேற்குக் கரையில் டவுன் ரத வீதிகளுக்குப் பின்னால் இருக்கிற தெருக்கள் குறுகல், கார் நிறுத்த இடம் கிடையாது. ஆனால் வாசலிலேயே எல்லாம் கிடைக்கும். வண்டியே இல்லாமல் வாழலாம். பேட்டையைத் தாண்டித் தென்காசி சாலையில் போனால் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். அங்கே வேலை என்றால் பாளையில் வீடு பிடிப்பது வீண் அலைச்சல். பேட்டை, டவுன் பக்கம் பாருங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டுக்குப் போகிறவர்களுக்கு வடக்கே போகிற சாலைதான் வழி. தச்சநல்லூர், தாழையூத்துப் பக்கம் வீடு பிடித்தால் நகர நெரிசலுக்குள் நுழையாமலேயே போய்வரலாம்.

4. வீடு பார்க்கும்போது கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: "2023 டிசம்பர் வெள்ளத்தில் இங்கே தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு கரை மீறியது. ஜங்ஷன், மீனாட்சிபுரம், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எல்லாம் தண்ணீரில் நின்றன. இதை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். எதிர்த்த டீக்கடையில் கேளுங்கள், அங்கே ஒளிவுமறைவு கிடையாது. ஆற்றோரம் மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். இந்த ஊருக்குள் நெல்லைக் கால்வாய், பாளையங்கால்வாய் என்று பாசனக் கால்வாய்கள் ஓடுகின்றன, குளங்களும் நிறைய. புது நகர் என்று மனை போட்ட இடங்களில் சில, வயலும் குளத்துப் புறம்போக்கு ஓரமுமாக இருந்தவை. சாதாரண ஐப்பசி மழைக்கே அங்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். தரைத்தளம் வாடகை குறைவாகக் கிடைத்தால் ஏன் என்று யோசியுங்கள்.

இரண்டாவது, குடிதண்ணீர். வற்றாத ஆறு ஓடுகிற ஊரில் தண்ணீர்க் கஷ்டமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஆறு வற்றாது, குழாய்க்கு அந்த வரம் இல்லை. மாநகராட்சி இணைப்பு உண்டா, எந்த நாளில், எத்தனை மணிக்கு விடுகிறார்கள், தொட்டி எவ்வளவு கொள்ளும் என்று கேளுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் மட்டும்தான் என்றால் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆற்றுத் தண்ணீரில் சமைத்த சாப்பாட்டுக்குப் பழகிய ஊர் இது. கூடவே பாதாள சாக்கடை வந்துவிட்டதா, செப்டிக் டேங்கா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

மின்சாரம்: உங்களுக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது மீட்டர் கணக்கில்தான். மாடியும் கீழும் ஒரே மீட்டரில் ஓடினால் யூனிட் ஏறி, கட்டண அடுக்கும் ஏறும். 'யூனிட்டுக்கு இவ்வளவு' என்று வீட்டுக்காரர் சொல்கிற கணக்குக்குத் தலையாட்டாதீர்கள்.

முன்பணம்: தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். நடப்பில் பத்து மாத வாடகை கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். சட்டத்தை எடுத்து முகத்தில் வீசினால் வீடு கிடைக்காது. ஆனால் சட்டம் தெரிந்தவர் பேசினால் தொகை இறங்கும். ஒப்பந்தம் இல்லாமல் மட்டும் சாவியை வாங்காதீர்கள், அடுத்த படி முழுக்க அந்தக் காகிதத்தை நம்பித்தான்.

5. காகித வேலைகள்

இங்கேதான் இரட்டை நகரம் என்பது கையெழுத்துப் போடுகிற விஷயமாகிறது. திருநெல்வேலி தனி வட்டம், பாளையங்கோட்டை தனி வட்டம். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எதற்கு விண்ணப்பித்தாலும் உங்கள் தெரு எந்த வட்டத்தில், எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போது வட்டத்தை மாற்றிப் போட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். சட்டமன்றத் தொகுதியும் அப்படியே: திருநெல்வேலி ஒன்று, பாளையங்கோட்டை ஒன்று. வீடு மாறியவர்கள் வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8 கொடுக்க வேண்டும்.

வரிசை இப்படி வைத்துக்கொண்டால் அலைச்சல் குறையும்: வாடகை ஒப்பந்தம், ஆதார் முகவரி மாற்றம், எரிவாயு இணைப்பு, ரேஷன் அட்டை, வங்கி, கடைசியில் வாக்காளர் பட்டியல். முகவரியில் அஞ்சல் எண்ணைச் சரியாகப் போடுங்கள். ஜங்ஷன் 627001, பாளை 627002, வண்ணார்பேட்டை 627003, பேட்டை 627004, மேலப்பாளையம் 627005, டவுன் 627006, பெருமாள்புரம் 627007. எல்லாவற்றுக்கும் 627001 போடுகிற பழக்கம் வெளியூர்க்காரர்களுக்கு உண்டு. கூரியர்காரர் ஜங்ஷனில் நின்றுகொண்டு உங்களுக்குப் போன் போடுவார்.

வண்டி: இங்கே பதிவு டி.என். 72. வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும். கலெக்டர் அலுவலக வேலை கிழக்குக் கரை, மாநகராட்சி மைய அலுவலக வேலை மேற்குக் கரையில் எஸ்.என். ஹைரோடு. வீட்டு வரி, குடிநீர் போன்றவற்றுக்கு மைய அலுவலகம் வரைக்கும் போக வேண்டியதில்லை, உங்கள் மண்டல அலுவலகமே போதும்.

6. தினசரிப் போக்குவரத்து

டவுன், ஜங்ஷன், பாளை பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம்: இவற்றை இணைக்கிற நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. சாதாரண கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு விடியல் பயணத் திட்டப்படி டிக்கெட் இலவசம். அட்டை எதுவும் காட்ட வேண்டாம். ஆட்டோவில் ஏறும் முன்பே பேசிவிடுங்கள். ஆண் ஓட்டுநரை, கடைக்காரரை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டால் பேச்சு சுமுகமாகத் தொடங்கும். வயதில் சின்னவராக இருந்தாலும் தப்பில்லை.

சொந்த வண்டிக்காரர்கள் கவனிக்க: ஜங்ஷனுக்கும் பாளைக்கும் நடுவே பாலம்தான் கழுத்து. அங்கே அடைத்தால், வண்ணார்பேட்டை வழியாக வடக்குப் புறவழிச் சாலையில் ஆற்றைத் தாண்டித் தச்சநல்லூர்ப் பக்கம் வரலாம். தூரம் கொஞ்சம் கூடும், நேரம் பெரும்பாலும் மிச்சம். ஈரடுக்கு மேம்பாலத்தில் எந்த அடுக்கில் எந்த வண்டி என்பதை முதல் நாளே கவனித்துக்கொள்ளுங்கள்.

7. காய்கறி, சாப்பாடு

மொத்தமாக வாங்க டவுன் நயினார்குளம் சந்தை. அதிகாலையில் போனால்தான் அதன் முழு உருவம் தெரியும். சில்லறைக்குப் பாளையில் மகாராஜ நகர் உழவர் சந்தை. ஏழு மணிக்குள் போய்விடுங்கள், ஒன்பது மணிக்கு மிஞ்சுவது வாடலும் சொத்தையும்தான். டவுனில் போஸ் மார்க்கெட். துணிக்கு வண்ணார்பேட்டை, டவுன் இரண்டும். ஆர்.எம்.கே.வி. 1924-ல் தொடங்கியது இந்த ஊரில்தான்.

அல்வாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே கீழ ரத வீதியில் இருக்கிற இருட்டுக்கடை சாயங்காலம்தான் திறக்கும்; வரிசை நிற்கும், தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். ரயிலுக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போடாதீர்கள். ஜங்ஷனில் பகலெல்லாம் கிடைக்கிற கடைகள் இருக்கின்றன. ஒரே மாதிரிப் பெயர்ப் பலகைகள் வரிசையாகத் தொங்கும், எது பழைய கடை என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுப் போங்கள். சூடாக, வாழை இலைத் துண்டில் நூறு கிராம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுவதுதான் முறை. ஊருக்குக் கொண்டுபோவது அப்புறம்.

ஆனால் இந்த ஊர்ச் சமையல் அல்வாவோடு முடியவில்லை. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்களும் போட்டுச் செய்கிற சொதி, அதற்குத் தோதாக இஞ்சித் துவையல். கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் இது உண்டு. கறுப்பு உளுந்தில் உளுந்தஞ்சோறு, கூட எள்ளுத் துவையல். காய்கறி, பருப்பு, அரிசி எல்லாம் ஒன்றாகப் போட்டுக் கிளறுகிற கூட்டாஞ்சோறு. ஓட்டல்களில் தேடினால் இவை அபூர்வம்தான். பக்கத்து வீட்டோடு பழக்கம் வைத்துக்கொள்வது தவிர வேறு வழியில்லை. ராத்திரி என்றால் பரோட்டா, சால்னா. அதற்கு வழிகாட்டி தேவையில்லை, மணமே கூட்டிப்போகும்.

8. வருடம் எப்படிப் போகும்

வெயில் கடுமைதான், அதை மறைக்க முடியாது. ஜூன், ஜூலையில் குற்றாலத்தில் சாரல் என்று செய்தி வரும். நெல்லைக்கு வருவது பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்றும் புழுதியும்தான். ஜன்னல்களுக்குக் கொக்கி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. அந்த மூன்று மாதமும் முக்கியக் காகிதங்களைத் தரையோடு ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள் என்ற அறிவிப்பு வந்தால் ஆற்றோரம் போக வேண்டாம். குறுக்குத்துறை முருகன் கோவில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. அங்கே எதுவரைக்கும் தண்ணீர் ஏறியிருக்கிறது என்பதை வைத்துத்தான் ஊர்க்காரர்கள் வெள்ளத்தை அளக்கிறார்கள்.

ஆனித் தேரோட்டத்துக்கு டவுன் பக்கம் வண்டி கொண்டுபோக முடியாது. உள்ளூர் விடுமுறையும் விடுவார்கள். ஐந்து தேர், நெல்லையப்பர் தேர் தமிழ்நாட்டின் பெரிய தேர்களில் ஒன்று, வடம் பிடித்துத்தான் இழுக்கிறார்கள். பாளைக்குத் தசரா: 12 அம்மன் கோவில் சப்பரங்கள் சேர்ந்து வரும், எருமைக்கிடா மைதானத்தில் சம்ஹாரம். விடிய விடிய நடக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஊசிக்கோபுரம் இருக்கிற தூய திரித்துவப் பேராலயப் பக்கம் களைகட்டும். ரம்ஜான் மாதச் சாயங்காலங்களில் மேலப்பாளையம் கடைவீதிக்குப் போய்வாருங்கள். திருச்செந்தூரில் கந்தசஷ்டி, தைப்பூசம் என்றால் பாளையிலிருந்து கிழக்கே போகிற சாலையில் பாதயாத்திரைக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். ராத்திரியில் அந்தச் சாலையில் வேகம் வேண்டாம்.

9. வீட்டை ஒழுங்குபடுத்திய பிறகு முதல் சில ஞாயிறுகளுக்கு

பக்கத்திலேயே, திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோவிலின் கல் சிற்பங்களுக்காகவே போகலாம்; இரண்டு மணி நேர வேலை. அதே சாலையில் இன்னும் போனால் ஆதிச்சநல்லூர், தோண்டிய குழிகளையே கண்ணாடித் தளத்தின் வழியாகப் பார்க்கிற அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு ஜனவரிக்குப் பிறகு போங்கள், பறவைகள் ஊர் மரங்களிலேயே கூடு கட்டியிருக்கும். பிள்ளைகள் இருந்தால் கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம்.

குளிக்க ஆசை என்றால் நகருக்குள்ளும் அதற்குக் கீழேயும் ஆற்றில் இறங்க வேண்டாம், சாக்கடை கலக்கிறது. மேற்கே பாபநாசம் பக்கம் தண்ணீர் தெளிவு. ஆனால் அகஸ்தியர் அருவியும் மணிமுத்தாறு அருவியும் வனத்துறை கையில். சோதனைச் சாவடி உண்டு, சாயங்காலத்துக்குள் திரும்பிவிட வேண்டும், மழைக்காலத்தில் முன்னறிவிப்பு இல்லாமலே குளிக்கத் தடை போடுவார்கள். கிளம்பும் முன் அன்றைய உள்ளூர்ச் செய்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பை, பாட்டில் எதுவும் கையில் இருந்தால் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டை எவர்சில்வர் தூக்கில் கட்டிக்கொண்டு போங்கள்.